எங்க தோலு தடிச்ச தோலா?

சிவகாசி வெடித்தால்தான் செய்தி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகிச் செத்தபோது நாடே சிவகாசியைத் திரும்பிப் பார்த்தது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் வெடித்தபோது இன்னொரு தடவை பார்த்தது. இடையில் தினமும் வெடிப்பவை யார் கண்ணிலும் படுவதில்லை. விரல் இடுக்கில் வெடிப்பது, உள்ளங்கையில் ரேகையோடு ரேகையாக வெடிப்பது, சோத்தில் கை வைத்தால் குழம்புக் காரம் பட்டு உயிர் போவது. கை வெடித்தால் செய்தி இல்லை. இந்தக் கட்டுரை கை வெடிப்பைப் பற்றியது.

என் அக்கா ஒரு பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிறவள். சாயங்காலம் பார்த்தால் முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் வெள்ளி பூசியது மாதிரி மினுங்கும். அதோடு பஸ் ஏற முடியாது, பிள்ளையைத் தூக்க முடியாது. வேலை முடிகிற நேரத்தில் ஒரு வாளியில் சோப்புத்தூளைக் கரைத்து வைத்துவிடுவார்கள். துணி துவைக்கிற தூள்தான். பத்துப் பன்னிரண்டு பேர் அதிலேயே கை முக்கித் தேய்க்க வேண்டும். தண்ணீரோ உப்புத் தண்ணி, நுரை வராது. நுரை வரவில்லை என்று இன்னும் ஒரு கை தூள் அள்ளிப் போடுவார்கள். தீபாவளி முடிந்து ஆலை மூடியிருந்த ஒரு மாதமும் அவள் கை காயவில்லை. கல்யாண மண்டபத்தில் அண்டா குண்டான் கழுவப் போனாள்.

மூன்றாம் மாதம் கை சிவந்தது. அப்புறம் தோல் உரிந்தது, வெடித்தது, நீர் வடிந்தது. போர்மேனிடம் காட்டினாள். அவளைவிடப் பத்து வயது இளையவன். அவன் சொன்னது: "ஏத்தா, ஒனக்கு மட்டும் என்ன? ஒங்கூடத்தான அந்தப் பொம்பளையும் ஆறு வருசமா கழுவுறா? அவளுக்கு ஒண்ணும் ஆகலையே. ஒன் தோலு சேரல. வேற வேலை பாத்துக்க." ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தார்கள்: அலர்ஜி.

இதே போர்மேன், அக்காவை வேலைக்குச் சேர்த்த அன்றைக்குச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். மருந்து ரூமுக்கு ஆள் தேவை, மற்றவர்கள் தயங்குகிறார்கள். அப்போது சொன்னான்: "ஒங்க ஆளுகளுக்கு என்னத்தா, தடிச்ச தோலு. எதுவும் ஏறாது."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலையைத் தலையில் கட்டும்போது எங்கள் தோல் தடித்த தோல், சாதியே தடித்த தோல். கை வெடித்துப் போய் நிற்கும்போது அவள் தோல் மட்டும் சொத்தைத் தோல், அவளுடைய தனிக் கோளாறு. முன்னாடி கூட்டமாகச் சேர்த்து ஏமாற்றுகிறான், பின்னாடி ஒற்றையாகப் பிரித்து ஏமாற்றுகிறான். இரண்டு பேச்சிலும் குற்றவாளி தோல்தான். அந்த வாளி நிரபராதி.

இதை ஒரு போர்மேனின் வாய்க்கொழுப்பு என்று தள்ளிவிட முடியாது. சாக்கடைக்குள் இறக்குகிறவனும் இதைத்தான் சொல்கிறான், சுடுகாட்டில் நிறுத்துகிறவனும் இதைத்தான் சொல்கிறான். 'பழகிப்போன உடம்பு' என்பது சாதியின் மருத்துவ சாஸ்திரம். அந்த சாஸ்திரத்தை உடைக்க நமக்கு உண்மையான உடலியல் தெரிய வேண்டும். தெரியாமல் வெறுமனே 'தோல் எல்லாருக்கும் ஒண்ணுதான்' என்று முழங்கினால், 'அப்போ அவளுக்கு ஏன் ஆகல?' என்ற போர்மேனின் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்காது. கேள்வி அவனுடையது என்பதற்காகப் பதிலை விட்டுவிடலாமா?

பதில் இதுதான். நம் தோலின் மேல்பரப்பு லேசான புளிப்புத்தன்மை உள்ளது. செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கி, நடுவில் கொழுப்பு காரை பூசினாற்போல் அடைத்து நிற்கும். துணிக்கான சோப்புத்தூளில் காரமும் அழுக்கு நீக்கியும் சேர்ந்திருக்கின்றன. துணியில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்தெடுக்கிற அந்த வேலையைத்தான் அது தோலிலும் செய்கிறது. எது சட்டை எது கை என்று அதற்குத் தெரியாது. காரையைக் கரைக்கிறது, புரதத்தைக் குலைக்கிறது. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகிறது, வெளியே இருக்கிற வேதிப்பொருள் உள்ளே வருகிறது.

தோல் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மேல்தோல் செல்கள் இன்டர்லூகின்-1 ஆல்ஃபா என்ற பொருளை முன்கூட்டியே தயார் செய்து வயிற்றில் வைத்திருக்கின்றன. செல் உடைந்தால் அது சிந்தும். சாகிற செல் பறையடித்துச் சேதி சொல்லிவிட்டுத்தான் சாகிறது. அந்தச் சேதி கேட்டுப் பக்கத்துச் செல்கள் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற இன்னொரு சேதிப்பொருளை விடுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. 1868-இல் பெர்லினில் மருத்துவ மாணவனாக இருந்தபோதே பால் லாங்கர்ஹான்ஸ் தோலுக்குள் கிளை கிளையான செல்களைக் கண்டுபிடித்தான். காவலாளி மாதிரி நிற்கிற அந்தச் செல்கள் இடம்பெயரத் தொடங்குகின்றன. நாம் பார்க்கிற சிவப்பு, வீக்கம், எரிச்சல், அரிப்பு எல்லாம் இந்தச் சேதியின் வெளி அடையாளம். தோல் சொத்தையாக இருப்பதால் வருவதல்ல இது. தோல் தன் வேலையைச் செய்வதால் வருவது.

இந்தச் சேதியின் சத்தம்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. டி.என்.எஃப். ஆல்ஃபாவுக்கான மரபணுவுக்குச் சற்று முன்னால், 308-ஆவது இடத்தில், பெரும்பாலோருக்கு 'ஜி' என்ற எழுத்து இருக்கும். சிலருக்கு அந்த இடத்தில் 'ஏ' இருக்கும். 2000-ஆம் ஆண்டில் லண்டன் ஆய்வாளர்கள், சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற அழுக்கு நீக்கியைப் பல அடர்த்திகளில் தோலில் ஒட்டிப் பார்த்தார்கள். அந்த 'ஏ' எழுத்து, குறைந்த அடர்த்தியிலேயே தோல் அழலுகிறவர்களிடம் அதிகமாக இருந்ததை வெளியிட்டார்கள். 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். மேல்தோலை இறுக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் சிலருக்குப் பிறப்பிலேயே குறைவு, அவர்களுக்குக் கரப்பான் எளிதில் வருகிறது. 2018-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து மூன்றாவதைக் காட்டின. உப்புத் தண்ணி என்று நாம் சொல்கிற கடின நீரில் கழுவினால் அழுக்கு நீக்கி தோலிலேயே கூடுதலாகத் தங்கிவிடுகிறது, எரிச்சலும் கூடுகிறது. விருதுநகர்ச் சீமைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கழுவின கை பிசுபிசு என்று நிற்பதை அவன் தினமும் பார்க்கிறான்.

ஆக, போர்மேனின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஒரே வாளி, ஒரே தூள், இரண்டு பொம்பளை. ஒருத்திக்கு மூன்று மாதம், ஒருத்திக்கு ஆறு வருடம். வேறுபாடு உண்மைதான். ஆனால் அது எங்கே இருக்கிறது? என் அக்காவும் அந்த மதினியும் ஒரே தெரு, ஒரே சாதி. இந்த எழுத்து சேரியில் ஒரு மாதிரி, மேலத்தெருவில் ஒரு மாதிரி என்று எல்லை போட்டு நிற்பதில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே மாறி விழும். முதலாளி வீட்டுப் பிள்ளைக்கும் விழும். என்ன, அந்தப் பிள்ளை வாளியில் கை விடுவதில்லை. அதனால் அவன் தோலில் என்ன எழுத்து இருக்கிறது என்று கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாமலே போய்விடும். மரபணு எல்லாச் சாதிக்கும் பங்கு வைக்கிறது. வாளியைத்தான் சாதி பங்கு வைக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 'அலர்ஜி' என்ற சொல் இங்கே பொய் சொல்கிறது. அலர்ஜி என்பது உடம்பு ஒரு பொருளை முதலில் அடையாளம் கண்டு, நினைவில் வைத்து, அடுத்த தடவை எதிர்ப்பது. அது எல்லோருக்கும் வராது. சோப்புத்தூள் செய்வது பெரும்பாலும் நேரடி அரிப்பு. அதற்கு நினைவும் வேண்டாம், முன்பகையும் வேண்டாம். போதுமான அளவும் போதுமான நேரமும் கொடுத்தால் எந்தத் தோலையும் அது வெடிக்க வைக்கும். முன்னே பின்னே ஆகும், அவ்வளவுதான். அலர்ஜி என்று எழுதினால் கோளாறு உடம்பில் போய் உட்காருகிறது. அரிப்புப் பொருள் என்று எழுதினால் கோளாறு வாளியில் வந்து நிற்கிறது. சீட்டில் ஒரு சொல் மாறினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதே மாறிவிடுகிறது.

தடித்த தோல் என்ற கதைக்கு உலகம் பூராவும் சொந்தக்காரர்கள் உண்டு. 1919-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மஸ்டர்டு வாயுவைச் சோதித்து, கருப்பினத்தாரின் தோல் கூடுதலாகத் தாங்கும் என்று எழுதினார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் கருப்பினச் சிப்பாய்களையும், ஜப்பானிய வம்சாவளியினரையும், புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களையும் தனித்தனியாகப் பிரித்து அதே வாயுவில் நிறுத்தியது. வெள்ளைக்காரன் இங்கேயும் விட்டுவைக்கவில்லை. 1930களிலும் 40களிலும் ராவல்பிண்டியில், பிரிட்டனின் போர்ட்டன் டவுன் விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்களின் மேல் மஸ்டர்டு வாயுவைச் சோதித்தார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்த விஷயங்களில் ஒன்று, வெள்ளைத் தோலைவிட இந்தியத் தோல் கூடுதலாகப் புண்படுமா என்பது. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் கைதிகளின் முதுகில் களிம்புகளிலிருந்து சலவைப் பொருட்கள் வரை ஒட்டிப் பார்த்தார். கைதிகளில் பெரும்பாலோர் கருப்பர்கள்.

கருப்புத் தோல் தாங்குகிறது என்று எப்படிக் கண்டார்கள்? கண்ணால் பார்த்து. எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டார்கள். கருத்த தோலில் சிவப்பு எப்படியடா தெரியும்? வேதனை அவனுக்கு, தெரியாதது இவன் கண்ணுக்கு. கண்ணின் குருட்டை எடுத்துத் தோலின் தடிப்பு என்று எழுதிவிட்டான். 1980களில் கண்ணை நம்பாமல், தோலிலிருந்து ஆவியாகிற ஈரத்தைக் கருவி வைத்து அளக்க ஆரம்பித்தபோது அந்தத் தடிப்புக் கதை நிற்கவில்லை. என் அக்காவின் கையும் கருத்த கைதான். சிவந்தது எங்களுக்குத் தெரிந்தது. போர்மேனுக்கு நீர் வடிகிற வரைக்கும் தெரியவில்லை.

'பழகிப்போச்சு' என்பதற்கும் இதே பதில்தான். தினம் தினம் அடி வாங்கிய தோல் சிலருக்குத் தடித்துப் போவது உண்மை. அது காய்ப்பு. அடியின் தழும்பு. தழும்பைக் காட்டி, பார், இவனுக்கு அடி தாங்கும் என்று சொல்கிறவனை என்னவென்று சொல்வது?

இனி நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்ப்போம். சோப்புத்தூள் வருவதற்கு முன்னால் இந்த மண்ணில் அழுக்கு வெளுத்தது உவர்மண். அதுவும் காரம்தான். உவர்மண்ணிலும் வெள்ளாவியிலும் தலைமுறை தலைமுறையாகக் கை வெந்தவர்கள் வண்ணார்கள். அதிலும் நம் சேரித் துணியை வெளுத்தவர்கள் புதிரை வண்ணார்கள். திருநெல்வேலி ஜில்லாவில் இவர்கள் பகலில் வெளியே வரக்கூடாது, பார்த்தாலே தீட்டு, இரவில்தான் வேலை செய்ய வேண்டும் என்றிருந்ததை 1932 டிசம்பரில் 'இந்து' பத்திரிகை எழுதியது. பாபாசாகேப் அம்பேத்கர் அதை எடுத்து உலகத்தின் முன்னால் வைத்தார். சாத்தூரும் திருவில்லிபுத்தூரும் 1910 வரை அந்தத் திருநெல்வேலியோடு இருந்த ஊர்கள்தான். அந்தக் கைகளை ஈரத்தில் வைத்ததில் நமக்குப் பங்கில்லையா? தீட்டுத் துணியை அவர்கள் தலையில் போட்டுவிட்டு, 'அவுக பரம்பரைத் தொழிலு, கை பழகியிருக்கும்' என்று சொன்னது யார் வாய்? போர்மேன் பேசுகிற பேச்சை நாமும் பேசியிருக்கிறோம். இன்றைக்கும் நம் இயக்கக் கூட்டம் முடிந்ததும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறவர்கள் யார்? பொம்பளைகள். அவர்களிலும் யார் வீட்டுப் பொம்பளைகள்? சாதி உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பாளிகளையே படிப்படியாகப் பிரித்தது என்று 1936-இல் அவர் சொன்னது நமக்கும் சேர்த்துத்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, தொழிலாளர்கள் கழுவிக்கொள்ளப் போதுமான, தகுந்த வசதி தர வேண்டும் என்றது. துணித் தூள் கரைத்த வாளி தகுந்த வசதியா? அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியல் இருந்தது. வேதிப்பொருள் நேரடியாகப் படுவதால் வரும் தோல் அழற்சியும் அதில் உண்டு. அரிப்புப் பொருளால் வருவது, அலர்ஜியால் வருவது என்று இரண்டு வகையையும் அந்தச் சட்டமே பிரித்துச் சொன்னது. 89-ஆம் பிரிவின்படி ஆலை நிர்வாகமும் தெரிவிக்க வேண்டும், பார்த்த மருத்துவரும் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. அதன் அட்டவணையிலும் அந்த வரி இருக்கிறது. வரி இருந்து என்ன? 'அலர்ஜி' என்று ஒரு சொல்லை எழுதிக் களிம்பைக் கையில் கொடுத்தால் தெரிவிக்க வேண்டிய வேலை முடிந்துவிடுகிறது. சட்டத்தை மீறக்கூட வேண்டியதில்லை, நோயின் பெயரை மாற்றினால் போதும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் புகை குறைந்த பசுமைப் பட்டாசு என்றது. பேரியம் கூடாது என்றது. நல்லது. டெல்லிக்காரன் நுரையீரலும் நுரையீரல்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பட்டாசைக் கொளுத்துகிறவன் மூச்சை அளக்கக் கருவி வந்தது, பட்டாசைச் செய்கிறவள் கையை அளக்க எந்தக் கருவி வந்தது? அந்தப் பசுமை அவள் முழங்கைக்கு எப்போது வரும்?

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சாவுக்கு நஷ்டஈடு கேட்டுப் பழகிவிட்டோம். உயிரோடு இருக்கிறவர்களின் கைக்காகக் கேட்கப் பழகவில்லை. சாவு ஒரே நாளில் நாற்பது பேரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது, கூட்டம் சேர்கிறது. கை வெடிப்போ ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக வீட்டுக்கு அனுப்புகிறது. 'ஒனக்கு மட்டும் என்ன?' என்ற கேள்வியின் வேலையே அதுதான்.

நாளைக்கு இன்னும் ஒன்று வரும். மரபணு தெரிந்துவிட்டதல்லவா? வாசலில் ரத்தம் எடுத்து, 'ஏ' எழுத்துக்காரி வேண்டாம், 'ஜி' எழுத்துக்காரி வா என்பான். விஞ்ஞானம் என்பான். இப்போதே சொல்லிவைப்போம்: சீக்கிரம் அழலுகிற தோல் சொத்தைத் தோல் அல்ல, அது முதலில் குரல் கொடுக்கிற தோல். அந்தக் குரலைக் கேட்டு வாளியை மாற்றினால் மற்ற பதினொரு பேர் கையும் தப்பிக்கும். குரல் கொடுத்தவளை வெளியே அனுப்பினால், மிச்சப் பதினொன்றும் வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். ஜெர்மனியில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் கிடந்தாலே அதற்கு 'ஈர வேலை' என்று பெயர் வைத்து முதலாளியின் மேல் பொறுப்பைச் சுமத்தியிருக்கிறார்கள். யாருடைய தோல் என்று அங்கே கேட்பதில்லை, எத்தனை மணி நேரம் என்று கேட்கிறார்கள். கேள்வியை அப்படித் திருப்ப வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை பெரிய கோடிகள் அல்ல. கை கழுவத் துணித் தூள் கூடாது, தோலுக்கென்று செய்த காரமில்லாத சோப்பு வேண்டும். உப்பில்லாத தண்ணீர், ஓடுகிற குழாயில் வேண்டும், பொது வாளி கூடாது. துடைக்கச் சுத்தமான துணியும், துடைத்த பின் பூசக் களிம்பும் ஆலைச் செலவில் வேண்டும். மருந்து ரூமில் தீப்பொறி பயம் இருப்பதால் நைலான் கையுறை ஆகாது, பருத்தி வேண்டும். பாத்திரமும் கக்கூசும் கழுவுகிற இடத்தில் ரப்பர் கையுறை வேண்டும். கை வெடித்தால் கூலி குறையாமல் காய்ந்த வேலைக்கு மாற்ற வேண்டும். சீட்டில் எதனால் வந்தது என்று எழுத வேண்டும். வாளியையும் எழுத வேண்டும்.

அதுவரை நம் வேலை ஒன்று உண்டு. தெருவில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கைகளை எழுதுவோம். யாருக்கு, எந்த வேலையில், எத்தனையாவது மாதம், எந்தத் தண்ணீரில். பெயர் வேண்டாம், கை போதும். ஒருத்தியின் கை கோளாறு என்று சொல்லலாம், நூறு கையைக் கோளாறு என்று சொல்ல முடியாது.

ஆறு வருடமாக ஒன்றும் ஆகாத அந்த மதினியை வைத்துத்தான் அக்காவை மடக்கினான் போர்மேன். போன மாசியில் மதினி அக்கா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். முந்தானைக்குள் இருந்து கையை எடுத்து நீட்டினாள். கட்டை விரல் ஓரத்தில் ஆரம்பித்திருந்தது.

"எனக்கும் சேரல போலருக்கு" என்றாள்.

அக்கா சொன்னாள்: "ஒனக்குச் சேராம இல்ல மதினி. அந்த வாளி யாருக்கும் சேராது."

எங்கள் நோட்டில் முதல் இரண்டு கைகள் அவர்களுடையவை.